கூரைக்கு எறிந்த பல்

தகரக் கூரையில் ஒரு பல் விழுந்தால் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். முதலில் 'டிங்' என்று ஒன்று, பிறகு தகரத்தின் மடிப்பு வழியாக அது உருளும்போது 'டக டக' என்று மெல்ல ஒன்று, அதற்குப் பிறகு எதுவும் இல்லை. புசல்லாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக இருக்கும் தொழிலாளர் வீடுகளில், வளர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பழகிய சத்தம்தான். பால்பல் விழுந்தால் அதைக் கூரைக்கு எறிந்துவிட்டு, "அணிலே, பழசு ஒனக்கு, புதுசு எனக்கு" என்று கத்துவது எங்கள் வழக்கம். எங்கள் வீட்டில் எறிகிற வேலை அப்பாவுடையது. 'ஸ்டோர்' என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து மூட்டை தூக்கிய கை அது. என்னுடைய பல் ஒன்றுகூடத் திரும்பித் தரையில் விழுந்ததில்லை என்று அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது.

பத்து வயதில், பள்ளி விடுமுறையில் ஒரு காலை, லயத்துப் பிள்ளைகள் குளிக்கவும் தண்ணீர் பிடிக்கவும் போகும் பீலிக்கரையில், பாசி பிடித்த கல்லில் வழுக்கி முகம் அடிபட விழுந்தேன். உதடு கிழிந்தது, மேல் வரிசையின் முன்பல் ஒன்று முழுசாகக் கழன்று என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்தார். இரவு வேலை முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த அப்பா என் அலறலில் எழுந்து வந்து, இரத்தத்தைத் துடைத்து, என் கையில் இருந்ததைப் பார்த்தார். அழுகையை நிறுத்தத் தெரிந்த வழி அவருக்கு அது ஒன்றுதான். "அட, பல்லுதானே, புதுசு வரும் புள்ள" என்று வாங்கி, முற்றத்தில் நின்று, வழக்கம் போலக் கூரைக்கு எறிந்தார். டிங். டக டக. நானும் அழுகையை நிறுத்திவிட்டேன்.

உதட்டுக்கு மருந்து போடத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனார். டிஸ்பென்சர் ஐயா என் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "பல்லு எங்கப்பா?" என்று கேட்டார்.

"கூரைக்கு எறிஞ்சிட்டேங்கய்யா."

"கூரைக்கா? அது பால்பல்லு இல்லப்பா, மொளச்சு மூணு வருஷமான பல்லு! இனி அந்த எடத்துல மொளைக்காது. ஓடிப் போய்த் தேடு. கெடச்சா வேரத் தொடாத, சொரண்டாத. பால்ல போட்டு நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, திரும்ப வச்சுக் கட்டுவாங்க. நேரம் போகப் போகப் பல்லு செத்துரும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஏதோ தப்புச் செய்துவிட்டு அவரிடம் மாட்டிக்கொள்ளும்போது என் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவர் முகம். அதற்கு முன் ஒரு பெரிய ஆளிடம் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. பல் போனதைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

லயத்துக் கூரை என்றால் சும்மா இல்லை. காற்றுக்குத் தகரம் பறக்காமல் இருக்கக் கல்லும் பழைய டயரும் ஏற்றி வைத்திருப்பார்கள், போதாததற்குப் பீர்க்கங்கொடி வேறு படர்ந்திருந்தது. அப்பா மேலே ஏறி ஒவ்வொரு கல்லாகப் புரட்டினார். கீழே பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். மதியக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த அம்மா, விஷயம் தெரியாமல், "தூங்குற மனுசன் கூரையில என்ன செய்யிறீங்க?" என்று கேட்டார். கூரை ஓரத்தில் மழைத் தண்ணீர் ஓடும் தகர வாய்க்காலில், சருகுக்கும் சேற்றுக்கும் நடுவே, கடைசியில் பல் கிடைத்தது. ஒன்றல்ல, ஐந்து. அணில் எதையும் கொண்டு போகவே இல்லை. லயத்துப் பிள்ளைகள் பல வருடங்களாக எறிந்த பற்கள் அங்கே வந்து சேர்ந்திருந்தன. நான்கு பற்கள் அரிசியை ஒடித்தது போல மொட்டையாக இருந்தன. ஒன்றுக்கு மட்டும் நீளமாக வேர் இருந்தது. "வேரு இருக்கு, இதான்!" என்று அப்பா கத்தினார்.

பக்கத்து வீட்டுக் காம்பராவில் மாடு வளர்த்தவர்கள் கொடுத்த பாலை ஜாம் போத்தலில் ஊற்றி, பல்லை அதில் போட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் அப்பா என்னை மெயின் ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. ஒவ்வொரு வளைவிலும் பால் தளும்பாமல் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கம்பியைப் பிடிக்காமல் தடுமாறிக்கொண்டிருந்தவரைப் பார்த்து ஒரு சிங்களப் பெரியவர், "மொகத்த ஏ?" என்று கேட்டார், என்ன அது என்று. "துவகே தத" என்று அப்பா சொன்னார், மகளுடைய பல். பெரியவர் போத்தலைப் பார்த்தார், என் உதட்டைப் பார்த்தார், எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார். கண்டிப் பக்கம் போய்ச் சேரும் வரை அந்த போத்தல்தான் அப்பாவின் மடியில் உட்கார்ந்து வந்தது, நான் நின்றேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், இளம் பெண். "பிந்தித்தான் கொண்டு வந்திருக்கிறியள். எண்டாலும் வச்சுப் பாப்பம்" என்றார். அந்த முதல் சொல் அப்பாவுக்குள் எங்கே போய் இறங்கியது என்று எனக்கு அப்போது தெரியாது. மரத்துப்போன ஈறில் பல்லைப் பொருத்தி, பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பி வைத்து ஒட்டினார். லயத்தில் எனக்கு 'தச்ச பல்லு' என்று பட்டப்பெயர் வந்தது.

அடுத்த கிழமை போனபோது, உள்ளே இருக்கும் நரம்பு செத்துவிட்டது, அதை எடுத்துச் சுத்தம் செய்து மருந்து அடைக்க வேண்டும், நாலைந்து முறை வர வேண்டியிருக்கும் என்றார். பல் வலித்தால் 'புடுங்கிப் போட்டா சரி' என்பதுதான் எங்கள் பக்கத்து வைத்தியம். அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "செத்த பல்ல வச்சிருந்து என்னங்க பலன்?"

"நரம்புதான் செத்தது ஐயா. பல்லு இன்னும் பிடிச்சுக்கொண்டுதானே நிக்குது. உள்ள கிடக்கிற அழுக்கை விட்டாத்தான் வேரையும் தின்னும், எலும்பையும் தின்னும்."

"எத்தன காலத்துக்குங்க நிக்கும்?"

"அது சொல்ல ஏலாது. ஐஞ்சு வருஷம் நிண்டாலும் பிள்ளைக்கு நல்லம்தானே."

பல்லின் பின்பக்கம் ஒரு சின்னத் துளை. அதற்குள் தலைமுடி மாதிரி ஊசிகள், கைப்பிடிகள் மஞ்சள், சிவப்பு, நீலம். ஒவ்வொன்றாக உள்ளே விட்டு இழுக்கும்போது வலி இல்லை, சுரண்டும் சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்கும். பிறகு மருந்து, அதற்கு மேல் வெள்ளை அடைப்பு. அந்த மருந்தின் கசப்பு ஊர் திரும்பும் வரை நாக்கில் இருக்கும். ஒவ்வொரு முறையும் இரவு வேலை முடித்த கையோடு அப்பாதான் கூட்டி வந்தார், அம்மா வருகிறேன் என்றாலும் விடவில்லை. அறைக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தபடி தூங்கிப் போவார். கதவு திறந்தால் எழுந்து, "ஆ காட்டு" என்பார்.

அந்த 'ஆ காட்டு' பிறகு தினமும் காலையில் நடந்தது. அதோடு நிற்கவில்லை. தம்பிக்குப் பால்பல் விழத் தொடங்கியபோது அப்பா ஒன்றைக்கூடக் கூரைக்கு எறியவில்லை, தீப்பெட்டியில் போட்டு டிஸ்பென்சரிக்கு எடுத்துப் போய், "ஐயா, இத எறியலாமா?" என்று கேட்டுவிட்டு வருவார். லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் அதற்கு வெட்கமாக இருக்கிறது.

ஐந்து வருடம் என்ன, இருபத்தாறு வருடம் நின்றது அந்தப் பல். எலும்போடு ஒட்டிப்போனதால் மற்றப் பற்கள் இறங்கி வளர்ந்தபோது அது மட்டும் வளரவில்லை. கொஞ்சம் குட்டையாக, கொஞ்சம் சாம்பல் நிறமாக, பத்து வயதிலேயே நின்றுவிட்டது. என் கல்யாணப் படத்தில் பார்த்தால் தெரியும். நான் வாயை மூடிச் சிரிக்கவில்லை.

போன மாதம் அது ஆடத் தொடங்கியது. நான் இப்போது பல்லேகலவில் வேலை செய்கிறேன்; அம்மா போன பிறகு அப்பா என்னோடு குண்டசாலையில் இருக்கிறார். இங்கே ஒரு டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி, வேர் முழுவதும் கரைந்துவிட்டது, இவ்வளவு காலம் நின்றதே பெரிய விஷயம் என்றார். ஒரு நிமிடத்தில் எடுத்துப் பஞ்சில் சுற்றிக் கையில் கொடுத்தார். வேரே இல்லை. அந்தத் தகர வாய்க்காலில் கிடந்த நான்கு பற்களைப் போல மொட்டையாக இருந்தது. எங்கள் லயத்தின் கூரையும் இப்போது இல்லை. உடைத்துத் தனி வீடுகள் கட்டிவிட்டார்கள். இந்த வீட்டுக்கு மேலே கொங்கிரீட் தட்டு. எறிந்தாலும் சத்தம் வராது.

பல் எடுத்த இடத்திலிருந்தே அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன். "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்தால் மேசையில் ஒரு கிளாஸ் பால். வாய் கசந்துகொண்டிருந்தது, எடுத்துக் குடிக்கப் போனேன்.

"குடிக்காத. அது பல்லுக்கு."

"அப்பா, இனி அத வைக்க முடியாது. வேரே இல்ல."

"தெரியும்மா" என்று கையை நீட்டி, பஞ்சைப் பிரித்து, விளிம்பை மட்டும் பிடித்து, வேர் இருந்த இடத்தில் விரல் படாமல் அதைப் பாலில் விட்டார். "அன்னைக்கு நான்தான் பிந்திட்டேன். இன்னைக்குப் பிந்தல."