பிலோமினா அக்காவின் சந்தேகம்

பிலோமினா அக்கா இறந்துவிட்டார் என்று எங்கள் கையுறைத் தொழிற்சாலையின் வாட்சப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. முதல் நாள் மாலைகூடச் சிரித்துப் பேசிவிட்டுப் போனவர். சிலிபின் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்கே போன் செய்து, அவர் கணவர் அழுவதைக் கேட்ட பிறகுதான் நம்பினேன்.

அக்காவை அறிந்தவர்களுக்கு அவருடைய சந்தேகப்படும் குணமும் தெரியும். மீன்காரர் சிரித்தால் அக்கா தராசைப் பார்ப்பார். டாக்டர் ஒன்றுமில்லை என்றால் இன்னொரு டாக்டரிடம் போவார்.

ஒருமுறை, இரவு ஷிப்டில் வரும் கையுறைகள் மெலிதாக இருப்பதாகப் புகார் வந்தது. ஷிப்ட் லீடர் மாரியம்மாவை வேலையிலிருந்து நிறுத்தப்போவதாக மேனேஜர் சொன்னார். மாரியம்மாமேல் தவறில்லை என்று காட்ட நினைத்தேன். எந்தத் தடிமனில் எத்தனை கையுறை என்று காட்டும் ஹிஸ்டோகிராமைப் பகலுக்கும் இரவுக்கும் போட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தேன். பகலுக்கு நீலம், இரவுக்குச் சிவப்பு. நீலத்தைத் தாண்டிச் சிவப்பு எங்குமே எட்டிப் பார்க்கவில்லை. இரண்டும் ஒன்றுதான், மாரியம்மா தப்பித்தார் என்று துள்ளினேன்.

அக்கா துள்ளவில்லை.

“ஒனக்குப் பிடிச்ச படம் இவ்ளோ சீக்கிரம் வந்துச்சா தம்பி? பகல்ல அளந்தது ரொம்ப, ராத்திரி அளந்தது கொஞ்சம்லா. பெரிய கூட்டம் முன்னால நின்னா சின்னக் கூட்டம் எப்படித் தெரியும்? எண்ணிக்கைய விட்டுட்டு விழுக்காடா போடு. நீலத்தக் கொஞ்சம் வெளுக்க வை.”

வைத்தேன். சிவப்பில் இரண்டு மேடுகள் இருந்தன. ஒன்று நீலத்தோடு பொருந்தியது. மற்றொன்று மெலிந்த பக்கம், நீலத்தின் சரிவுக்கு மேலே தனியாக நின்றது.

“அக்கா, இதக் காட்டுனா மாரியம்மாவுக்கு வேலை போயிரும்லா!”

“மறைச்சா மட்டும் நிக்குமா? அந்த மேடு எந்த மெஷின்லேர்ந்து வருதுன்னு பாரு.”

அந்த மேட்டில் இருந்த கையுறைகள் அத்தனையும் ஒரே மெஷினிலிருந்து வந்தவை. பகலில் ஓடாத மெஷின் அது. மறுநாள் கூட்டத்தில் அக்கா படத்தைக் காட்டி, “பகல்ல மட்டும் அத ஏன் சார் நிறுத்தி வைக்கிறீங்க?” என்று கேட்டார். பழுது தெரிந்தே அதை இரவில் ஓட்டவிட்டது மேனேஜர்தான் என்று எல்லோருக்கும் புரிந்தது. மெஷின் பழுதுபார்க்கப் போனது, மாரியம்மா வேலையில் இருந்தார்.

அடக்கத்தன்று மேனேஜர் பெரிய மலர்வளையத்தோடு வந்தார். என் தோளைத் தட்டி, “இனிமே கிராப் எல்லாம் நீங்கதான். ரொம்ப நோண்டாம சிம்பிளா போட்டா போதும்லா” என்றார். பக்கத்தில் மாரியம்மா நின்றிருந்தார்.

அக்கா எனக்கென்று விட்டுப்போன சந்தேகம் என் வாயில் வந்துவிட்டது.

“ஏன் சார்?” என்று கேட்டேன்.