கடல் தண்ணீர் என்றுதான் நினைத்தோம்

பிரியமானவர்களே, எனக்குச் சாட்சி சொல்ல வராது. காசிமேட்டு மீன் ஏலத்தில் கத்தத்தான் வரும். ஆனாலும் என் வீட்டுக்காரர் தேவராஜுக்கு ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன முதல் வாரம். எண்ணூருக்கு நேரே, படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது. இவர்தான் கத்தியோடு குதித்து அறுத்தார். மேலே வரும்போது ஓர் அலை படகைத் தூக்கிப் போட்டது. பின்பக்கத்து இரும்பு இவருடைய இரண்டு புருவத்துக்கும் நடுவில் இடித்தது. வீங்கிய நெற்றியோடு வீட்டுக்கு வந்தவர், "ஒன்னியும் இல்ல, வுடு" என்றார்.

மறுநாள் காலையிலிருந்து, குனிந்தால் இடது மூக்கில் தண்ணீர் சொட்டியது. எங்கள் ஆட்களுக்கு இது புதிதில்லை. கடலில் முங்கி எழுந்தவருக்கு மூக்கில் ஏறிய தண்ணீர் வெகுநேரம் கழித்துத் திடீரென்று வடியும். கூடப் போனவர்களும் அதையே சொன்னார்கள். "கடல் தண்ணி மாமு, தானா வடிஞ்சிரும்." எனக்கு அவசரம். "நல்லா குனிஞ்சி மூக்க சீந்துய்யா, மொத்தமா வந்துடும்" என்று துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவரும் சீந்தினார். மூன்று நாள் சீந்தினார்.

நான்காம் நாள் காய்ச்சல் அனலாய் அடித்தது. தலை பிளக்கிறது என்று கத்தினார். கழுத்தை மடக்க முடியவில்லை. என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்றார். பதினெட்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தினவர் கேட்டார். நான் தரையில் விழுந்து, "ஆண்டவரே, இன்னா பண்றதுன்னே தெரியலையே, யாரையாவது அனுப்பு" என்று அலறினேன். வேறு வார்த்தை வரவில்லை.

வாரக் கூட்டத்துக்கு நான் வராததால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று லில்லி அக்கா அப்போதுதான் உள்ளே வந்தார். நம் சபைதான், நர்ஸ் வேலை பார்ப்பவர். மூக்கில் சொட்டியதைப் பார்த்ததும் ஜெபிக்கக்கூட உட்காரவில்லை. "இது சளியும் இல்ல, கடல் தண்ணியும் இல்ல. ஸ்டெல்லா, ஆட்டோ கூப்புடு" என்று என்னை விரட்டினார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா மேசைமேல் இருந்த மண்டையோட்டு மாதிரியைத் திருப்பிக் காட்டினார். மண்டை ஒரே எலும்பு என்று நினைத்திருந்தேன். இல்லை, பல எலும்புகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன. அடியில் ஒரு பெரிய ஓட்டை, மூளை அது வழியாகத்தான் தண்டுவடத்தோடு சேருகிறதாம். கண் நரம்புக்கு ஒன்று, காது நரம்புக்கு ஒன்று, முகத்துக்கும் தாடைக்கும் தனித்தனியாக. மூக்குக்கு மேலே வெங்காயத் தோல்போல ஒரு மெல்லிய எலும்பு. அதில் சல்லடைபோலப் பொடிப்பொடி ஓட்டைகள், வாசனை நரம்புகள் இறங்கி வருவதற்கு.

"இங்கதாம்மா விரிசல். சொட்டுறது மூளையைச் சுத்தியிருக்கிற தண்ணி. சீந்தச் சீந்த, மூக்குல இருக்கிற கிருமி அந்த வழியா மேல ஏறியிருக்கு" என்றார். சீந்தச் சொன்னது நான்தான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

தலையை உயர்த்தி அசையாமல் படுக்க வேண்டும். இருமக் கூடாது, தும்மக் கூடாது, முக்கக் கூடாது. ஒரு வாரத்தில் ஒழுக்கு நிற்காவிட்டால் ஆபரேஷன், அதிலும் உயிருக்கு உறுதி சொல்ல முடியாது என்றார்கள். ஊசி மருந்தில் காய்ச்சல் இறங்கியது. என்னை அடையாளம் கண்டார். ஆனால் சொட்டு நிற்கவில்லை. மூக்குக்குக் கீழே வைத்த பஞ்சு நனைந்துகொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து ஐந்தாம் நாளும் நனைந்தது. ஆறாம் நாளும் நனைந்தது. எனக்கு நம்பிக்கை செத்துப்போனது. வராந்தாவில் நின்று ஆண்டவரோடு சண்டை போட்டேன்.

"அந்தத் தலையில மத்த ஓட்டையெல்லாம் நீ வச்சது. எது வழியா எது போவணும்னு உனக்குத் தெரியும். இத்த நீ வைக்கல. நான் சீந்தச் சொல்லிக் கெடுத்தேன். என்னை அடி. அத்த மூடு."

இது ஜெபமா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஏழாம் நாள் காலையில் பஞ்சு காய்ந்திருந்தது. நர்ஸ் இப்போதுதான் மாற்றியிருப்பாள் என்று நினைத்து, "மாத்தறப்போ என்னை எழுப்ப மாட்டியா?" என்று எரிந்து விழுந்தேன். அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். "நான் இன்னும் மாத்தவே இல்லையேம்மா, அது நேத்து சாயங்காலம் வச்சது" என்றாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சிலருக்குத் தானாகவே மூடிக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா. நான் அவரோடு வாதாடவில்லை. யாரிடம் கேட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். அடிபட்டதில் போன வாசனை உணர்வு என் வீட்டுக்காரருக்குத் திரும்பவில்லை. அதையும் கேட்டேன், கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் நான் முழுசாக நம்பினவளில்லை. அவர் செருப்பு மாட்டக் குனிந்தாலே ஓடிப்போய் மூக்கைப் பார்ப்பேன். இரண்டு மாதம் கழித்து ஒருநாள், நண்டு மசாலாவுக்கு மிளகாய் வறுத்தேன். வாசனை தெரியாத மூக்கிலும் நெடி ஏறி, வீடே அதிரத் தும்மினார். விடாமல் நாலைந்து தும்மல். அடுப்பை அப்படியே விட்டு ஓடி, "குனிய்யா, குனி" என்று முந்தானையை மூக்குக்குக் கீழே ஏந்தினேன். குனிந்தபடியே நின்றார். ஒரு சொட்டு விழவில்லை.

"இன்னாடி, தும்முனதுக்கா அழுவுற?" என்றார். அப்போதுதான் சொன்னேன். "சீந்தச் சொன்னது நான்தான்யா. என்னாலதான் உனக்கு அப்படி ஆச்சி."

"நானுந்தான் கடல் தண்ணின்னு நெனச்சேன். போ, மொளகா கருவுது பாரு" என்றார்.

தலையில் அடிபட்டவருக்கு மூக்கிலோ காதிலோ தண்ணீர் வடிந்தால் சீந்த விடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், ஓடும்போதே ஆண்டவரைக் கூப்பிடுங்கள். அழகாகக் கூப்பிட வராதே என்று தயங்க வேண்டாம். நான் சண்டைக்காரிதான், என் சத்தத்துக்கே அவர் காதுகொடுத்தார்.