கம்பிக்கு உள்ளே ராஜி மாமி

காலைல எட்டரை மணிக்கு சேஷு வீட்டு கிரில் கதவை வெளிப்பக்கம் பூட்டுவார். ரெண்டு சாவியும் அவர் பாக்கெட்டுக்குள்ள போகும். அப்புறம் சாயங்காலம் ஆறு வரைக்கும் அந்த கரோல் பாக் மூணாவது மாடில அவர் பெண்டாட்டி ராஜி மட்டும்தான்.

கெட்டவர்னு சொல்லிட முடியாது. கல்யாணமாகி தில்லிக்கு வந்த புதுசுல, கேஸ் சிலிண்டர்காரன்னு சொல்லிக்கிட்டு வந்த எவனுக்கோ ராஜி கதவைத் திறந்துட்டா. எதுவும் திருடு போகல. ஆனா "உனக்கு ஹிந்தி வராது, எனக்கு ஆபீஸ்ல நிம்மதியா உக்கார முடியல"ன்னு அன்னிக்கு ஆரம்பிச்சது, இந்த 1996 தீபாவளியோட பதினாலு மாசம். கம்பிக்குள்ள கை நுழையும். பூட்டு கைக்கு எட்டும். சாவிதான் கிடையாது. அந்த எட்டறதுதான் பெரிய கொடுமை.

தில்லிலயே பொறந்து வளர்ந்த கீழ் வீட்டுத் தமிழ்க் குழந்தைங்க அனிருத்தும் தங்கச்சி ஸ்ம்ருதியும் ஸ்கூல் விட்டு வந்ததும் மாடிப்படில உக்காந்து, கம்பி வழியா கதை கேப்பாங்க. ராஜி கதையை நேரா முடிக்கவே மாட்டா. நடுவுல நிறுத்தி, "நீங்களா இருந்தா என்ன பண்ணுவேள்?"னு கேப்பா. அவங்க யோசிக்கிற முகத்தைப் பாத்தாதான் அவளுக்குப் பொழுது விடியும்.

அன்னிக்கு, சூனியக்காரி கோபுரத்துல அடைச்சு வெச்ச பொண்ணோட கதை.

"கோபுரத்துக்கு வாசலே கிடையாது. கிழவி கீழேருந்து குரல் குடுப்பா. பொண்ணு ஜன்னல் வழியா தன் நீளப் பின்னலை இறக்குவா. கிழவி அதைப் பிடிச்சுண்டு ஏறி வருவா. ஆனா பாவம், அந்தப் பொண்ணால மட்டும் வெளில வர முடியல."

ஆறு வயசு ஸ்ம்ருதி தலையைச் சாய்ச்சா. "முடி இல்லையா? இவ்ளோ லம்பா, நீளமா முடி இருக்குன்னு இப்பதானே சொன்னேள்?"

"முடி இல்லைன்னு சொல்லலடி மக்கு. வர முடியல. ஹிந்தில சொன்னா நஹீ ஆ சக்தி," ன்னான் அனிருத். சொன்னவன் அப்படியே நின்னுட்டான். "இரு இரு. மாமி, இவ சொல்றதும் சரிதான். முடி அவளோடதுதானே? அவ இறக்கலன்னா கிழவியாலயும் மேல வர முடியாதே?"

"ஆமா."

"அப்ப எதுக்கு தினம் சும்மா இறக்கறா? முதல்ல ஒரு கயிறு குடு, அப்புறம் இறக்கறேன்னு சொல்லலாமே."

குழந்தைங்க கீழ போன பிறகும் ராஜி கிரில்லையே பாத்துக்கிட்டு நின்னா. உள்பக்கமும் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. துருப்பிடிச்சுக் கிடந்தது. ஒரு நாளும் போட்டதில்ல, போடணும்னு தோணினதும் இல்ல. தலைக்குத் தடவுற தேங்காயெண்ணெயை எடுத்துட்டு வந்து அதுல விட்டா.

ஆறு மணிக்கு சேஷு பூட்டைத் திறந்து தள்ளினார். கதவு அசையல.

"என்னடி, மாட்டிண்டுடுத்தா? ஜல்தி திற."

"மாட்டிக்கல. நான்தான் போட்டிருக்கேன். ரெண்டு சாவில ஒண்ணை உள்ள குடுங்கோ, திறக்கறேன்."

"விளையாடறியா? கால் வலிக்கறது."

"படில உக்காந்துக்கோங்கோ. குழந்தைகள் அங்கதான் உக்காந்துப்பா."

அவர் உக்காரல. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். பதினாலு மாசமா அவ பிடிச்சுக்கிட்டு நின்ன அதே கம்பி.

"மறுபடி எவனாவது வந்தா?" குரல் இறங்கிப் போச்சு.

"கௌன் ஹை, யாரதுன்னு ஹிந்தில கேப்பேன். ஸ்ம்ருதி சொல்லிக் குடுத்திருக்கா."

சேஷு சாவிக்கொத்தை எடுத்தார். வளையம் இறுக்கம், நகத்தை விட்டு நெம்ப வேண்டியிருந்தது. சாவி உள்ள வர்ற வரைக்கும் ராஜி தாழ்ப்பாள்லேருந்து கையை எடுக்கல.