லைனில் நின்றவர்கள்

ஈப்போ நகரில் மாட்டுவண்டி ஓட்டிய சன்னாசிக்கு இங்கிலீஷில் ஒரு சொல்தான் நன்றாகத் தெரியும்: லைன். அதற்குமுன் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது கற்றது. குடியிருந்த நீளக் கொட்டகை லைன். பால் வெட்டிய ரப்பர் மர வரிசை லைன். விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்பது லைன். தோட்டத்தை ஒட்டி ஈப்போவுக்குப் போன தண்டவாளமும் லைன். துரைக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

1926இல் அவர் மனைவி முத்தம்மா பிள்ளை பெற்றாள். தீட்டுக் கழியுமுன்பே கங்காணி ஐயாவு வந்து வாசலில் நின்றார்.

"ராசாத்தியா அவ, படுத்துக்கிட்டுத் திங்க? நாளைக்கு மரத்துக்கு வரணும். இல்லாட்டி வீட்டக் காலி பண்ணு."

மாலையில் ஆண்கள் மாரியம்மன் கோயிலில் கூடினார்கள். விடிந்தால் யாரும் பெயர் கொடுக்க நிற்பதில்லை என்று முடிவாயிற்று. யோசனை முத்தம்மாவின் தம்பி அர்ச்சுனனுடையது.

"ஒருத்தன்னா வெரட்டுவான். அம்புட்டுப் பேரயும் வெரட்டிட்டு மரத்த அவனா வெட்டுவான்?"

எல்லோரும் தரையில் எரிந்த சூடத்தை அடித்துச் சத்தியம் செய்தார்கள். அர்ச்சுனன் மட்டும் உள்ளங்கையில் ஏற்றி, விரல்களை மூடி அணைத்தான். கை கொப்பளித்தது. முத்தம்மா எண்ணெய் தடவி, பிள்ளைக்கு வைத்திருந்த பழைய சீலைத் துணியைக் கிழித்துக் கட்டினாள்.

"கிறுக்குப் பயலே, தரையில அடிச்சா ஆத்தா கேக்க மாட்டாளா?"

"ஒனக்குன்னா கையிலதாங்க்கா."

விடியலில் மணி அடித்தது. சன்னாசி வாசலில் உட்கார்ந்திருந்தார். கதவுகள் திறந்தன. உளியும் வாளியுமாக ஒவ்வொருவராக, அவர் பக்கம் பார்க்காமல் நடந்தார்கள். வரிசையின் முதல் ஆளாக அர்ச்சுனன் நின்றிருந்தான், கைக்கட்டோடு.

"ஒம் மச்சினன் நேத்தே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டான்" என்றார் வாசலுக்கு வந்த ஐயாவு. சட்டிபானைகளை வெளியே எடுத்துவைக்க அவனையே உள்ளே அனுப்பினார்.

"மச்சான், எனக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்றான் அர்ச்சுனன்.

"எனக்குப் பொறந்தது என்ன, பூனக்குட்டியா?"

முத்தம்மா பிள்ளையோடு வெளியே வந்தாள்.

"கைய நீட்டு."

நீட்டினான். ஒரு கையாலேயே முடிச்சை அவிழ்த்தாள். துணி புண்ணில் ஒட்டியிருந்தது, மெதுவாகத்தான் உரித்தாள்.

"புள்ளைக்குத் துணி பத்தல" என்றாள்.

பிறகு சன்னாசியும் அவளும் பிள்ளையோடு தண்டவாளத்தில் ஏறி ஈப்போவைப் பார்த்து நடந்தார்கள்.