அப்பாவுக்கு நான் காட்டிய இரண்டு இணையதளங்கள்

என்னிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. அதில் இணையதளங்களின் பட்டியலைத் தவிர வேறு எதுவும் எழுதுவதில்லை. எது எதற்குப் பயன்படும், இலவசமா, பதிவு செய்யச் சொல்லித் தொந்தரவு செய்யுமா, செல்போனில் ஒழுங்காகத் திறக்குமா என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறிப்பு எழுதி வைப்பேன்.

பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருடம் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டிய புகைப்படம் ஐம்பது கேபிக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் எந்த விண்ணப்பமும் நிரப்பியதில்லை. கேபி என்றால் என்ன என்று கேட்கக்கூட ஆள் இல்லை. நானே தேடித் தேடி, படத்தைச் சுருக்கிக் கொடுக்கும் ஒரு தளத்தைக் கண்டுபிடித்தேன். என் முகம் ஐம்பது கேபிக்குள் அடங்கியதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. நோட்டில் முதல் வரி அதுதான்.

அதன்பின் பட்டியல் வளர்ந்தது. கர்நாடக எல்லையான அத்திப்பள்ளி தாண்டினால் பஸ் போர்டெல்லாம் கன்னடம் என்பதால், எழுத்தைத் தொட்டால் உச்சரித்துக் காட்டும் தளம் ஒன்றில் ஒரே மாதத்தில் கன்னடம் படிக்கக் கற்றேன். டைப் அடிக்க அடிக்கக் கார் ஓடும் பந்தயத் தளம் ஒன்று உண்டு. அதில் தங்கை என் காரை ஒவ்வொரு முறையும் பின்னால் தள்ளினாள். அம்மாவுக்குப் பிடித்தது சுழலும் உலக உருண்டை. அதில் எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அந்த ஊர் ரேடியோ கேட்கும். ஏதோ ஒரு தீவின் பாட்டைக் கேட்டுக்கொண்டே பூண்டு உரிப்பார். “இந்த ஊர்க்காரங்கல்லாம் காலையில என்னா சாப்புடுவாங்கடா?” என்பார். அதைச் சொல்லும் தளத்தை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் புதிதாக ஒன்றைக் காட்டுவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் நான்கு குடித்தனங்கள் உள்ள லைன் வீட்டில் இருக்கிறோம். பக்கத்துக் குடித்தனத்து அண்ணனும் வந்து உட்கார்ந்துகொள்வார். மதுரைக்காரர். அப்பா வேலை செய்யும் பிரஸ் ஷாப்பில், அப்பாவுக்கு அடுத்த மெஷினில் நிற்பவர்.

பிரஸ் ஷாப் என்றால் இரும்புத் தகட்டை ஓங்கி அடித்துப் பாகங்களாக வெட்டும் இடம். ஒரு ஷிப்டு முழுக்க அந்த அடிதான். உள்ளே யாரும் வாயால் பேசுவதில்லை. டீக்கு ஒரு கைச்சாடை, சூப்பர்வைசர் வருகிறார் என்பதற்கு ஒன்று, ஆயில் தீர்ந்துவிட்டது என்பதற்கு ஒன்று. நாட்றாம்பாளையம் என்ற மலைக் கிராமத்திலிருந்து இறங்கி வந்த அப்பா இருபத்திரண்டு வருடங்களாக அங்கே இருக்கிறார். படித்தது மூன்றாம் வகுப்பு வரை.

அந்த ஞாயிறு நான் காட்டியது, காதின் வயதைச் சொல்லும் ஒரு தளம். திரையில் ஒரு குமிழ் இருக்கும். அதை நகர்த்த நகர்த்தப் பக்கத்தில் ஹெர்ட்ஸ் எண் ஏறும், சத்தம் மெலிந்து, விசிலாகி, ஊசி மாதிரி ஆகும். எந்த இடத்தில் கேட்பது நின்று போகிறதோ, அதை வைத்து உங்கள் காதுக்கு இத்தனை வயது என்று சொல்லும். மருத்துவப் பரிசோதனை அல்ல, விளையாட்டுக்குத்தான் என்று அந்தத் தளமே கீழே எழுதியிருந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்கும் ஒவ்வொரு முறையும் விரலைத் தூக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்த விதி. தங்கை பதினேழாயிரம் வரை போனாள். நான் பதினாறு. அம்மா பதின்மூன்று. மதுரை அண்ணன் எட்டாயிரத்தோடு நின்றுவிட்டார்.

“காதுக்கு வயசு எழுபதுன்னு போட்ருக்குண்ணே,” என்றாள் தங்கை.

“ஆத்தாடி! அப்ப எனக்குப் பென்சன் குடுக்கச் சொல்லு பாப்பா.”

அப்பாவின் முறை வந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்தார். குமிழை நகர்த்தினேன். விரல் எழுந்தது. பத்தாயிரம், பன்னிரண்டாயிரம், பதினான்காயிரம், பதினைந்தாயிரம். ஒவ்வொன்றுக்கும் விரல் டக் டக்கென்று எழுந்தது. அம்மாவையே முந்திவிட்டார். நான் கை தட்டினேன். மதுரை அண்ணன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

தங்கைக்குச் சந்தேகம். என் பின்னால் வந்து, அப்பாவுக்குத் தெரியாமல் செல்போனின் சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். நான் கட்டைவிரலை நகர்த்தினேன். அப்பாவின் விரல் எழுந்தது.

“சத்தமே இல்லப்பா!” என்று கத்தினாள். “மியூட்ல போட்டுட்டேன்!”

“சத்தமே இல்லாததுக்குக் கை தூக்கறாரு பாரு மனுசன்,” என்று அம்மா சிரிக்க ஆரம்பித்தார்.

மதுரை அண்ணனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “மதினி, இது இன்னைக்கு நேத்து பழக்கமா? வருசா வருசம் கம்பெனிக்குக் காது டெஸ்டு வேன் வருதுல்ல? உள்ள கண்ணாடிப் பொட்டியில நம்மள உக்கார வச்சுட்டு, வெளிய ஒருத்தர் பட்டன அமுக்குவாரு. அமுக்குறப்ப அவரு தோளு லேசா அசையும். அசைஞ்சா விரலத் தூக்கணும். எங்க ஷாப்புல எல்லாருமே பாஸு! அண்ணன்தான் எங்களுக்கெல்லாம் வாத்தியாரு.”

அப்பா இதுவரை பார்த்துக்கொண்டிருந்தது என் கட்டைவிரலைத்தான்.

எல்லோரும் சிரித்தோம், அப்பாவும் சிரித்தார். சிரித்து முடித்ததும் நான், “ஒருவாட்டி சொவத்தப் பாத்து உக்காருங்கப்பா,” என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் மறுக்காமல் திரும்பி உட்கார்ந்தார். நான் கீழே இருந்து ஆரம்பித்தேன். ஆயிரத்துக்கு விரல் எழுந்தது. இரண்டாயிரத்துக்குத் தாமதமாக எழுந்தது. நான்காயிரத்துக்கு எழவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். எழவில்லை. ஹெட்போனுக்கு வெளியே எனக்கே கேட்கும் அளவுக்குக் கூட்டிய பிறகுதான் மெதுவாக எழுந்தது.

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. “குக்கர் விசில் அடிச்சாலும் எந்திரிக்க மாட்டாருன்னு இத்தினி வருசமா சண்ட போட்டேனே,” என்றார். “கூப்புட்டாக் கேக்காத மாதிரி இருக்கறாருன்னு நெனச்சேன்.”

மறுநாள் காலை தண்ணீர் லாரியில் குடம் பிடிக்கும்போது அப்பாவிடம் கேட்டேன். “ஏம்ப்பா மறைக்கிறீங்க? உண்மையச் சொன்னா சத்தமில்லாத எடத்துக்கு மாத்துவாங்க இல்ல? மிச்சம் இருக்கற காதாவது தப்பிக்கும்.”

குடத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் பேசினார். “மாத்துவாங்க சாமி. எங்க மாத்துவாங்க? பேக்கிங்ல லேபிள் படிக்கணும், பூரா இங்கிலீஷு. இன்ஸ்பெக்‌ஷன்ல அளவு பாக்கணும். சூப்பர்வைசரு ரெண்டு வாட்டி இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கூப்புட்டாரு, வேணாம்னுட்டேன். பிரஸ்ல ரெண்டு கையையும் ரெண்டு பட்டன்ல வெச்சாப் போதும். யாரும் எதையும் படின்னு சொல்ல மாட்டாங்க.”

காது போனாலும் போகட்டும், படிக்கத் தெரியாது என்று நான்கு பேர் முன்னால் நிற்க வேண்டாம் என்றுதான் வருடா வருடம் அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. “அளவு எதால பாப்பாங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“வெர்னியர்.”

“டிஜிட்டலா?”

“அது ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. ஆபீசருங்க ரூம்ல பூட்டி வெச்சிருக்காங்க. நமக்கெல்லாம் கோடு போட்டதுதான்.”

காது டெஸ்டு வேன் வர மூன்று வாரம் இருந்தது. அன்று சாயங்காலமே தேட ஆரம்பித்தேன். பாகத்தைத் தாடைக்குள் கவ்வி அளக்கும் அந்த வெர்னியரைப் படமாகக் காட்டி, இதன் அளவு என்ன என்று கேட்கும் தளங்கள் நான்கைந்து கிடைத்தன. இரண்டு செல்போனில் திறக்கவில்லை. ஒன்றில் விளம்பரம் வெர்னியரையே மறைத்தது. கடைசியாகக் கிடைத்தது நன்றாக இருந்தது. தாடையை விரலால் இழுக்கலாம், கோடுகளைப் பெரிதாக்கலாம், விடையை எழுதினால் சரி என்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. எத்தனை முறை தவறு செய்தாலும் அது சலித்துக்கொள்ளவில்லை. நோட்டில் அதற்கு எதிரே இதைத்தான் எழுதினேன்.

வெர்னியரில் இரண்டு வேலை. மேலே இருக்கும் அளவுகோலில் எத்தனை மில்லிமீட்டர் தாண்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு கீழே உள்ள சின்ன அளவுகோலில் எந்தக் கோடு மேல் கோட்டுக்கு நேராக நிற்கிறது என்று தேட வேண்டும். பாலிடெக்னிக்கில் அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க நான் கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் தலைவலி வாங்கியிருக்கிறேன். அப்பா பார்த்ததும் தொட்டார். “இதான். இதான் நேரா நிக்குது.” நான் சரிபார்த்தேன். அதேதான். அடுத்ததும் அப்படியே. இருபத்திரண்டு வருடம், தகட்டை வெட்டும் அச்சுகளான டையும் பன்ச்சும் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த கண் அது.

அவருக்கு வராதது கணக்குதான். புள்ளிக்குப் பிறகு என்ன எழுத வேண்டும் என்பதில் தடுமாறினார். நேராக நிற்கும் கோடு வரை, ஒரு கோட்டுக்கு இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகும்படி தங்கை ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள். அப்புறம் வீடு முழுக்க, “ரெண்டு, நாலு, ஆறு, எட்டு, பத்து” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. டீ குடிக்கும்போதும் அதே. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, “பன்னண்டு, பதினாலு” என்று எடுத்துக் கொடுப்பார்.

சிவப்பு வந்தால் அப்பா தளத்தோடு சண்டை போடுவார். “டேய், இது தப்பாச் சொல்லுது. நல்லாப் பாரு, பதினாறாவது கோடு.”

“பதினேழுப்பா.”

“எவன் வரைஞ்சானோ, கோணலா வரைஞ்சிருக்கான்.”

மூன்றாவது வாரம் இருபது கேள்விக்குப் பதினெட்டு பச்சை வந்தது. மீதி இரண்டையும் அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

வேன் வந்த நாளில் நடந்ததை மதுரை அண்ணன் சாயங்காலம் வந்து நடித்தே காட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் போன அப்பா, நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். டெஸ்டு எடுப்பவர் கதவைத் திறந்து, “ஏன் சார் அந்தப் பக்கம்?” என்று கேட்டிருக்கிறார்.

“உங்க தோளு நல்லாப் பேசுதுங்க. அதான்.”

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனதாம். புரிந்ததும், அதுவரை பாஸாகிப் போயிருந்த எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டுச் சுவரைப் பார்க்க உட்கார வைத்துவிட்டார். “எங்க எல்லாரையும் மாட்டி விட்டுட்டாரு மதினி! எனக்குக் காதுல மாட்டுற மூடி குடுத்துட்டாய்ங்க. கழட்டுனா ரிப்போர்ட்டு எழுதிருவேன்னு சூப்பர்வைசரு மிரட்டுறாரு.”

அப்பாவை ஈ.என்.டி. டாக்டரிடம் அனுப்பினார்கள். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். மறுவாரமே ஷெட்டின் கோடியில் இன்ஸ்பெக்‌ஷன் நடக்கும் கண்ணாடி ரூமுக்கு அப்பாவை மாற்றினார்கள். ஒவ்வொரு லாட்டிலும், அதாவது ஒரு தொகுதிப் பாகங்களில், முதலில் அடிக்கும் பாகத்தை அளந்து, சரியென்று சொன்ன பிறகுதான் மற்றவற்றை அடிக்கலாம். அந்தச் சரியைச் சொல்வது இனி அப்பாவின் வேலை.

முதல் நாள் சட்டையில் இஸ்திரி மடிப்போடு போனார். பாலிடெக்னிக் முடித்து நான் வேலைக்குச் சேர்ந்த ஆபீசில் பிளானிங் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை போன் செய்ய எடுத்து வைத்துவிட்டேன்.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போதே மதுரை அண்ணன் குரல் கேட்டது.

“நியாயத்தச் சொல்லுங்க மதினி. பத்து வருசம் பக்கத்துல நின்னு வேல பாத்தவன் நான். மொத நாளு, மொத பீசு, என் பீசு. ரிஜெக்ட்னு திருப்பி அனுப்பிட்டாரு!”

“பின்ன என்னா பண்றது? பதினெட்டு புள்ளி நாலு வரணும்,” என்றார் அப்பா. “பதினெட்டு புள்ளி மூணு ரெண்டுதான் வந்துச்சு.”

“நீங்க தப்பாப் பாத்திருப்பீங்கண்ணே.”

“நானும் அப்பிடித்தான் நெனச்சேன். மொதல்ல வெர்னியர் மேல ரெண்டு வெரல வெச்சு விரிச்சுப் பாத்தேன், பெருசே ஆவல.” அம்மா சிரித்தார். “அப்பறம் மூணு வாட்டி பாத்தேன். மூணு வாட்டியும் மூணு ரெண்டு. சூப்பர்வைசரு வந்து அந்த டிஜிட்டல எடுத்து வெச்சுப் பாத்தாரு. அதுலயும் மூணு ரெண்டு.”

“அதான் தம்பி,” என்று மதுரை அண்ணன் என் பக்கம் திரும்பினார். “பன்ச்சு தேஞ்சு போச்சு. நான் கவனிக்கல. அப்பிடியே ஓட்டிருந்தா லாட்டே போயிருக்கும்.” பிறகு தன் செல்போனை எடுத்து என்னிடம் நீட்டினார். “அந்த வெர்னியர் சைட்ட இதுலயும் போட்டுக் குடு. நாளைக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே நான் அளந்து பாத்துக்கிறேன். இந்த மனுசன்கிட்ட இன்னொரு தடவ திட்டு வாங்க முடியாது.”

அப்பா எழுந்து, அவருக்கு இடம்விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். “மொதல்ல கோட்டப் பாரு,” என்றார். “கணக்கு அப்பறம்.”