ஆளில்லாத ஊரிலிருந்து வந்த வேன்

வெற்றிசெல்வனுக்கு வரலாற்றின்மேல் தீராத காதல் என்றெல்லாம் எழுத முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அவர் கல்லூரிக்குப் போன அன்று வரலாற்றுத் துறையில்தான் இடம் மிச்சமிருந்தது. சேர்ந்தார். படித்தார். வேறு வழியில்லாததால் மேலும் படித்தார். இப்போது திருமயம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கெஸ்ட் லெக்சரர். விருந்தாளி என்ற பெயரில் பத்தாண்டுக்கு மேல் ஒரே வீட்டில் தங்கியிருப்பது கல்வித்துறையில் மட்டும்தான் நடக்கும்.

அந்தக் கல்லூரி ஒருநாள் சுற்றறிக்கை விட்டது. முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கு வரும் ஜூன் மாதத்திலிருந்து வேலை இல்லை. வெற்றிசெல்வன் பாதியில் போட்டு வைத்திருந்த ஆய்வேட்டைத் தூசி தட்டி எடுத்தார். தலைப்பு: காலனிய ஆட்சிக்காலத்தில் வெள்ளாற்றுக் கழிமுகப் பகுதியின் வரலாறும் நிலவியலும்.

இத்தகைய ஆய்வேடுகளில் முதல் இயல் நிலவியல். எல்லை, ஆறு, மண், மழை, ஊர்கள். அந்த இயலை யாரும் எழுதுவதில்லை. ஓர் ஆய்வேட்டிலிருந்து அடுத்த ஆய்வேட்டுக்கு அது தானாகக் குடிபெயரும். இடையில் ஆறு வறண்டிருக்கும், கண்மாய்மேல் பஸ் ஸ்டாண்ட் வந்திருக்கும். இயலுக்கு அதெல்லாம் தெரியாது. வெற்றிசெல்வன் செய்த தவறு, அதைத் தானே எழுதலாம் என்று நினைத்தது. மணமேல்குடியிலிருந்து கடலைப் பார்த்துப் போகிற சாலையில் உள்ள ஊர்களை எழுதும்போது தான் பிறந்த ஓடைக்கரைவயலையும் சேர்த்தார். விவசாயமும் கொஞ்சம் மீன்பிடிப்பும் உண்டு, சுமார் இருபது குடும்பங்கள் வசிக்கின்றன என்று எழுதினார். நெறியாளர் அதைச் சிவப்பு மையால் சுழித்தார்.

"என்னப்பா இது, ஓடைக்கரைவயல்? சான்று எங்க?"

"ஐயா, அது எங்க ஊருங்க."

"ஒங்க ஊரா இருந்தா சான்று வேண்டாமா? அந்த சர்வே துரை என்ன எழுதியிருக்கான், படி."

நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பு ஆவுடையார்கோவில் பக்கமிருந்து குதிரையில் வந்த ஓர் ஆங்கில அதிகாரி, தன் நில அளவை அறிக்கையில் ஓடைக்கரைவயலுக்கு ஒரே வரி ஒதுக்கியிருந்தார். குடிகள் இல்லை, கைவிடப்பட்ட ஊர்.

"ஐயா, நேத்துக்கூட ஆத்தாகிட்ட போன்ல பேசுனேன்."

"போன்ல பேசுனதெல்லாம் சான்றாப்பா? வெளித்தேர்வாளர் கேட்டா ஒங்க ஆத்தா நம்பரையா குடுப்ப?"

"துரை தப்பா எழுதியிருக்கான்னு சொல்லலாங்களா?"

நெறியாளர் பேனாவை மூடினார். "என்னோட ஆய்வேடு முழுக்க அந்த அறிக்கைய வச்சு எழுதுனது. அதுல தப்புன்னா நான் யாரு?"

ஆழமான கேள்விதான். நம் பழைய தர்க்கநூல்கள் ஒன்றை அறிவதற்குக் காண்டல், கருதல், உரை என்று மூன்று வழி சொல்லின. பல்கலைக்கழகம் முதல் இரண்டையும் பாடத்திட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. மூன்றாவதையும் உரைத்தவன் வெள்ளைக்காரனாகவும் இறந்தவனாகவும் இருந்தால் மட்டுமே ஏற்கிறது. நாட்டை விட்டுப் போகும்போது அவர்கள் அந்த அறிக்கைகளையும் எடுத்துப் போயிருந்தால் நம் வரலாற்றுத் துறைகள் அன்றே மூடப்பட்டிருக்கும்.

வெற்றிசெல்வனுக்குத் தன் ஊர் இருப்பது தெரியும். ஜூன் வருவதும் தெரியும். மாற்றி எழுதினார். "மக்கள் ஊரைக் கைவிட்டனர். அதன்பின் மீள்குடியேற்றம் நிகழவில்லை." இரண்டாவது வாக்கியத்தை அந்தத் துரைகூட எழுதவில்லை. ஆய்வேட்டில் அவருடைய சொந்தப் பங்களிப்பு என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

ஆய்வேடு ஏற்கப்பட்டு வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். இந்தத் தேர்வு பொதுமக்கள் முன்னிலையில் நடக்க வேண்டும் என்பது விதி. அதனால் நம் பக்கத்தில் இது காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் இடைப்பட்ட ஒரு விசேஷம் ஆகிவிட்டது. பட்டுச்சேலை, பொன்னாடை, பழத்தட்டு, மதியம் பிரியாணி. ஹால் காலியாக இருந்தால் நெறியாளருக்கு மரியாதைக் குறைச்சல்.

"கூட்டம் வேணும்ப்பா. சொந்தக்காரங்கள எறக்கு" என்றார் நெறியாளர்.

வெற்றிசெல்வன் தலையாட்டினார், ஊருக்குப் போன் போட்டார். ஆத்தா அமராவதி மூன்று வேன் பிடித்தார். தன் ஆய்வேட்டில் என்ன இருக்கிறது என்பது அதை எழுதியவருக்கே அப்போது நினைவில்லை. ஆய்வாளர்களுக்கு இது இயல்பு. அன்று காலை ஓடைக்கரைவயலில் ஒரு குஞ்சு குளுவான் இல்லை. எந்தத் துரையாவது குதிரையில் வந்திருந்தால் மறுபடியும் அதே வரியைத்தான் எழுதியிருப்பான். போன தடவையும் ஊரே ஏதோ தேருக்குப் போயிருக்குமோ என்னவோ.

ஹாலில் வெளித்தேர்வாளர் நடுநாயகமாக அமர்ந்தார். திரையில் வரைபடம் விழுந்தது. வரைபடத்தைக் கண்டால் எவரும் முதலில் தேடுவது தன் ஊரைத்தான். முதல் வரிசைகளில் சலசலப்பு எழுந்தது.

"இந்தா மணமேல்குடி. அங்கிட்டு ஆறு. நம்ம ஊரு எங்கிட்டுப்பா?"

"அந்தப் பச்சைக்குக் கீழ பாரு."

"அது கடலுப்பா."

வெற்றிசெல்வனுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த ஸ்லைடைத் தாண்டிப் போய்விட முயன்றார். ஆனால் நெறியாளர், இவருடைய தனிச்சிறப்பான கண்டுபிடிப்பு என்று சொல்லி அந்த வாக்கியத்தைத் தானே மைக்கில் வாசித்தார். ஓடைக்கரைவயல் கைவிடப்பட்டது, மீள்குடியேற்றம் நிகழவில்லை. ஓடைக்கரைவயல் கேட்டுக்கொண்டிருந்தது.

பொதுமக்களில் யாராவது கேள்வி கேட்கலாம் என்று வெளித்தேர்வாளர் சொன்னார். சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்வது. யாரும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. சித்தப்பா அய்யப்பன் எழுந்தார்.

"நான் ஓடைக்கரைவயலுங்க. இந்தா பின்னாடி ஒக்காந்திருக்க அம்புட்டுப் பேரும் ஓடைக்கரைவயலு. நாங்க எப்பங்க காலி பண்ணுனோம்?"

ஹாலில் சிரிப்பு. பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ்கூட வரலையே!" என்றது. மறுபடியும் சிரிப்பு.

வெளித்தேர்வாளர் வெற்றிசெல்வனைப் பார்த்தார். நெறியாளரும் பார்த்தார், அந்தப் பார்வையில் ஜூன் மாதம் தெளிவாகத் தெரிந்தது. "துரையின் அறிக்கையே முதன்மைச் சான்று" என்று சொன்னால் பட்டம் உறுதி. அதைச் சொல்ல வாயைத் திறந்தார். முதல் வரிசையில் ஆத்தா, சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதினது தப்புங்கய்யா" என்றார் வெற்றிசெல்வன். "ஊர் இருக்குது. இவங்கதான்."

இதைத் துணிச்சல் என்று புகழ முடியவில்லை. ஆத்தா எதிரில் இருக்கும்போது வேறு சொல்ல அதிகத் துணிச்சல் வேண்டும். இருந்தாலும் அந்த ஹாலில் அன்று பேசப்பட்ட ஒரே வரலாற்று உண்மை அதுதான்.

நெறியாளர் மின்விசிறியை ஆராய்ந்தார். வெளித்தேர்வாளர் சற்று யோசித்தார். ஊர் உண்டு என்றால் ஆய்வேடு திரும்பப் போகும், திருத்தி வர ஆறு மாதம், மறுபடியும் ஒரு தேர்வு, மறுபடியும் இவ்வளவு தூரப் பயணம். பின்கட்டிலிருந்து பிரியாணி வாசம் வரத் தொடங்கியிருந்தது.

"வாய்மொழித் தகவல்னு ஓர் அடிக்குறிப்பு போட்டுடுங்க" என்றார். "அண்மைக்காலத்தில் சிலர் வசிப்பதாகத் தெரிகிறது. அது போதும். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன்."

கைதட்டல் நெடுநேரம் நிற்கவில்லை. சித்தப்பாதான் அதிகம் தட்டினார். கேள்வி கேட்டதோடு அவர் கோபம் முடிந்துவிட்டது.

பந்தியில் வெற்றிசெல்வன் ஆத்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"பட்டம் குடுத்துட்டாங்க ஆத்தா. வேலைக்குப் பயமில்ல."

"அது சரி. ஊரு?"

"அடிக்குறிப்புல சேத்துக்கச் சொல்லிட்டாங்க."

"அப்புடின்னா?"

"பக்கத்துக்குக் கீழ, சின்ன எழுத்துல போடுறது."

"மேல எழுதியிருக்கது?"

வெற்றிசெல்வன் எலும்பைத் தேடுவது போல இலையைக் கிளறினார். "அது அப்புடியேதான் இருக்கும்."

அமராவதி தன் இலையிலிருந்த முட்டையை எடுத்து மகன் இலையில் வைத்தார்.

"தின்னு. வெறும் வயித்தோட நின்னு பேசுன."

கை கழுவிவிட்டு அய்யப்பனிடம் போனார். "வண்டியக் கெளப்பச் சொல்லுங்க. மாடு கத்திக்கிட்டுக் கெடக்கும்."