பிளாஸ்திரி ஒட்டிய கேசட்

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். பால்காரர் ஒருநாள் கெட்டிப் பாலாக ஊற்றிவிட்டால், இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்பேன். யாராவது வலிய வந்து நலம் விசாரித்தால், இவருக்கு என்ன காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போவேன். இதற்காக வீட்டில் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. ஆனாலும் அந்தக் குணம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பள்ளிக்கூடத்துக்கு ஒரு டேப் ரிக்கார்டர் வந்து சேருகிற வரைக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து தினமும் பஸ். பள்ளியைச் சுற்றி மூன்று பக்கமும் வாழைத்தோட்டம். ஜன்னலைத் திறந்தால் இலை உள்ளே வந்துவிடும். ஒருநாள் சுற்றறிக்கை ஒன்று வந்தது. தொழில்நுட்பத்தைக் கொண்டு கற்பித்தலை மேம்படுத்த அரசு பள்ளிகளுக்கு மானியம் தருகிறதாம். வேண்டும் என்கிற பள்ளிகள் காரணம் எழுதி விண்ணப்பிக்க வேண்டுமாம்.

தலைமையாசிரியர் அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் வகுப்புக்கு வந்தார். "சும்மா எதுக்குவே குடுக்கான்? பொறவு ஒருநாள் வந்து நிப்பான், ரிஜிஸ்டர் எங்க, கையெழுத்து எங்கன்னு. சரி, கேக்காம விட்டாலும் ஏன் கேக்கலைன்னு மெமோ வரும். உமக்குத்தான் தமிழ் நல்லா வருமே, எழுதும்வே."

எழுதினேன். சுற்றறிக்கையை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, தாமிரபரணிக் கரையின் ஏழைப் பிள்ளைகள் அறிவியல் யுகத்தின் வாசலில் காத்து நிற்பதாக இரண்டு பக்கம் எழுதினேன். அதைப் படித்தவர்கள் கண் கலங்கியிருக்க வேண்டும். ஆறு மாதத்தில் அட்டைப்பெட்டி வந்துவிட்டது. ரேடியோவோடு சேர்ந்த டேப் ரிக்கார்டர் ஒன்று, ஆங்கிலப் பாடக் கேசட்டுகள் ஒரு டஜன். பெட்டி இறங்குவதைப் பார்க்க வந்த தோட்டத்து அண்ணாச்சி ஒருவர், "மானியம்னா உரத்துக்குல்லா குடுப்பாங்க. பாட்டுப் பெட்டிக்கும் மானியமா? எலெக்சன் வருதோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவருடைய சந்தேகம் எனக்குப் பிடித்திருந்தது.

பெட்டி என் பொறுப்பில்தான் வரும் என்று நினைத்திருந்தேன். தலைமையாசிரியர் அதை வைத்த பீரோவின் சாவியைப் புதிதாக வந்திருந்த டீச்சரிடம் கொடுத்துவிட்டார். "உமக்கு எதுக்குவே இந்த வம்பு? உடைஞ்சா பதில் சொல்லணும். புது ஆளு தலையில கட்டுவோம்" என்று எனக்கு நல்லது செய்கிற மாதிரிச் சொன்னார். எனக்கு அது அவமானமாக இருந்தது. உள்ளதைச் சொன்னால், நடந்த எல்லாவற்றுக்கும் வேர் அந்த அவமானம்தான்.

அந்த டீச்சர் குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்துக்காரர். வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள்; அப்பா, அண்ணன்கள் எல்லாரும் கடல் தொழில். நாங்களோ நிலபுலம் போனபின்னும் வாய் போகாத சைவக் குடும்பம். கடற்கரைக்காரர்களைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு மாதிரியாகப் பேசுவார்கள். நானும் அதைக் கேட்டுத் தலையாட்டி வளர்ந்தவன்தான். வாரநாட்களில் டீச்சர் ஸ்ரீவைகுண்டத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போவார். கூடவே தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு டேப் ரிக்கார்டரையும் துணிப்பையில் வைத்து எடுத்துப் போவார். திங்கட்கிழமை கொண்டுவந்து வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே அண்ணன்மார் எல்லாரும் உட்கார்ந்து சினிமாப் பாட்டுக் கேட்கிறார்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அரசாங்க மானியத்தில் கச்சேரி!

ஒருநாள் டீச்சர் லீவு. முந்தின நாள் சாயங்காலமே என்னிடம் வந்து, "நாளைக்கு வரமாட்டேன் சார். சாவி உங்ககிட்ட இருக்கட்டும்" என்று பீரோச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் மத்தியானம் பீரோவைத் திறந்தேன். கேசட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது ஒன்றின் முதுகில் பிளாஸ்திரித் துண்டு ஒட்டியிருந்தது. புண்ணுக்குப் போடுகிற அதே பிளாஸ்திரி.

அந்தக் காலத்துக் கேசட் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டாம். கடையிலிருந்து பதிவு செய்து வருகிற கேசட்டின் முதுகில் இரண்டு சின்னத் துளை இருக்கும். துளை திறந்திருந்தால் ரிக்கார்டு பொத்தான் அமுங்காது. துளையை அடைத்து ஒட்டிவிட்டால் பழையதை அழித்துப் புதிதாகப் பதியலாம். என் மைத்துனர் பக்திப் பாடல் கேசட்டுகளை இப்படித்தான் சினிமாப் பாட்டாக மாற்றுவார். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

போட்டுக் கேட்டிருக்கலாம். கரண்டு இருந்தது, ஆளும் இல்லை, ஐந்து நிமிட வேலை. கேட்டால் சந்தேகம் போய்விடுமோ என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்திருக்க வேண்டும். பீரோவைப் பூட்டிவிட்டேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உதவித் தொடக்கக் கல்வி அலுவலருக்கு ஒரு மொட்டைப் பெட்டிஷன் எழுதினேன். இடதுகையால் எழுதினேன். அரசு கொடுத்த பாடத்தை ஆசிரியை அழித்துவிட்டார், சினிமாப் பாட்டுப் பதிந்திருக்கிறார், ஐயமிருந்தால் கேசட்டின் முதுகில் ஒட்டிய பிளாஸ்திரியைப் பார்க்கலாம், இப்படிக்குப் பள்ளியின் நலம் நாடும் பொதுஜனம். பள்ளிக்கூடத்து ஊர் முத்திரை விழாதபடி திருநெல்வேலி ஜங்ஷனில் கொண்டுபோய்ப் போட்டேன். சாமர்த்தியத்துக்கு என்னிடம் ஒருநாளும் குறைவில்லை.

மூன்று வாரம் கழித்து டீச்சருக்கு மெமோ வந்தது. அரசு உடைமையைச் சேதப்படுத்தியதாகப் புகார், ஏழு நாளில் விளக்கம் தரவேண்டும். பிளாஸ்திரி விவரம்கூட அப்படியே அதில் இருந்தது. தலைமையாசிரியர், "எந்தப் பயலோ மொட்டைப் பெட்டிஷன் போட்டிருக்கான்வே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நானும் "அடப் பாவமே" என்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் டீச்சர் மெமோவை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"சார், இதுக்குப் பதில் நீங்கதான் எழுதித் தரணும். எனக்குத் தகுதிகாண் பருவம் முடிய இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. மெமோ நிலுவையில இருந்தா ஆர்டர் போடமாட்டாங்களாம். அப்பாவுக்கு முடியல, கடலுக்குப் போறதில்ல. அண்ணன்மாருக்குத் தனித்தனிக் குடும்பம். வீட்டுல நான் வாங்குத சம்பளம்தான்."

என்னால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் சந்தேகம் வருமே! "மொதல்ல அதுல என்ன இருக்குன்னு கேக்கணும் டீச்சர்" என்றேன்.

அவருடைய வகுப்புக்குப் போனோம். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே ஹாலில், இரண்டுக்கும் அவர் ஒருவர்தான். கேசட்டைப் போட்டார். முதலில் ஓர் அம்மாள் மூச்சுவிடாமல் ஆங்கிலம் பேசினார். எனக்கே பாதிதான் புரிந்தது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து டீச்சரின் குரல்: "ஏலே பிள்ளைகளா, அந்த அம்மா சொன்னது வெளங்குச்சா?"

கொஞ்சம் இடைவெளி. சோற்றுத் தட்டோடு வாசலில் நின்றிருந்த நாலாம் வகுப்புப் பிள்ளைகள் டேப்பைப் பார்த்து, "வெளங்கல டீச்சர்!" என்று கத்தினார்கள். டீச்சர் என் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்றிருந்தார்.

"சரி, பைய சொல்லுதேன். கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றது டேப். ஒரு வார்த்தை, ஓர் இடைவெளி. பிள்ளைகள் சொல்ல, அடுத்த வார்த்தை. பின்னால் இரைச்சலாக ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"அஞ்சாம் வகுப்புக்கு நான் கணக்குப் போடுத நேரத்துல நாலாம் வகுப்ப இது பாத்துக்கிடும் சார். இங்கன சத்தத்துல பதிய முடியல. அதான் ஊருக்குக் கொண்டுபோவேன். அங்கன அலைச்சத்தம். அது இல்லாத எடத்துக்கு நான் எங்க போக?"

எங்கேயாவது ஒரு பாட்டு, ஒரு வரியாவது வந்துவிடாதா என்று கேசட் முடிகிற வரைக்கும் கேட்டேன். வரவில்லை. 'கேட்டுக்கிட்டீங்களா பிள்ளைகளா' என்றுதான் முடிந்தது.

விளக்கத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்து நாலாவது தடவை முடித்தேன். அந்த மானியச் சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தில், ஆசிரியர்கள் தங்கள் வகுப்பின் தேவைக்கேற்பத் தாங்களே ஒலிப்பாடம் தயாரித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை முதல் வரியாக வைத்தேன். அது அங்கே இருப்பது பெட்டிஷன் எழுதும்போதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டிருந்தேன்.

அலுவலர் நேரில் வந்தார். விளக்கத்தைப் படித்தார், சுற்றறிக்கையைப் புரட்டினார், கேசட்டைக் கேட்டார். பிள்ளைகள் "வெளங்கல டீச்சர்" என்று கத்தியபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்த தடவை வெறும் கேசட் கேட்டு வாங்கிக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டு, நடவடிக்கை கைவிடப்படுகிறது என்று எழுதினார். டீச்சருக்கு ஆர்டரும் குறித்த காலத்தில் வந்தது.

ஆர்டர் வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். அவருக்குக் கிழக்கே போகிற பஸ், எனக்கு மேற்கே. என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இவருக்கு யார்மேலாவது சந்தேகம் இருக்கிறதா என்று அறிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது போலிருந்தது.

"யாரு இப்படி எழுதியிருப்பாங்க டீச்சர்?" என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மெமோவப் படிச்ச அன்னைக்கே தெரியும் சார். பிளாஸ்திரி ஒட்டி ரெண்டு நாள்ல நான் லீவு போட்டேன். வந்ததும் அதைப் பிச்சுட்டு, துளையில சின்னதா பேப்பர் மடிச்சு வச்சுட்டேன். பிளாஸ்திரியோட அதைப் பாத்திருந்தா, அன்னைக்குச் சாவி வச்சிருந்தவங்கதான் பாத்திருக்கணும்."

"பின்ன ஏன் டீச்சர் எங்கிட்ட வந்து எழுதச் சொன்னீங்க?"

"எனக்கு வேலை நிக்கணும்லா சார். என்ன எழுதுனா அந்தப் பெட்டிஷன் நிக்காதுன்னு அதை எழுதுனவங்களுக்குத்தான தெரியும்."

அவர் குரலில் கோபமே இல்லை. திருச்செந்தூர் பஸ் வந்தது. டீச்சர் துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார். படியில் நின்று திரும்பி, "நல்லா எழுதியிருந்தீங்க சார்" என்றார்.